இன்னொரு பிடி

ரமலானில் விட்டுப்போன நோன்பு ஒன்றைப் பிடித்திருந்தாள் கரீமா. பிற்பகலில் அடுப்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு ஏப்பம் வந்தது. முட்டை வாசனை. விடியலுக்கு முன் தின்ற இரண்டு பேரீச்சம்பழத்தைத் தவிர வேறெதுவும் படாத வாயில், அவித்த முட்டையின் மஞ்சள் கரு, மேலே தூவிய மிளகின் காரத்தோடு, நாக்கடியில் மாவு மாவாகக் கரைந்தது. அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே கொழுந்தன் மனைவி மெஹருன்னிசா, சற்றுமுன் கரீமா வைத்துவிட்டு வந்த முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றபோது வாயிலிருந்த ருசியும் நின்றது.

பித்தம் என்று நினைத்துக் காறித் துப்பிவிட்டு மறுபடி இறாலை எடுத்தாள்.

மெஹருன்னிசா சிங்கப்பூரிலிருந்து பழவேற்காட்டுக்குத் திரும்பி வந்தது எண்பத்திரண்டாம் வருஷக் கோடையில். புருஷன் அப்துல் ஹை அங்கே கப்பல் பட்டறையில் வேலை. போகும்போது அவள் படியேறினால் மூச்சு வாங்கும், முழங்கால் மடங்காது. அங்கே ஒரு டாக்டர் அவள் இரைப்பையின் மேல்பாகத்தை மட்டும் தனியாகப் பிரித்துத் தையல் போட்டுவிட்டிருந்தார். ஒரு கோழிமுட்டை அளவுக்குத்தான் உள்ளே இடம்.

"அதுக்கு மேல வச்சா வாந்தி. கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கினே போனா பை விரிஞ்சு குடுத்துடுமாம், பழையபடி ஆயிடுவேனாம். நீதான் லாத்தா அளந்து போடணும்" என்று, வந்த அன்றே ஒரு சின்னக் கிண்ணத்தை, அக்கா முறையான கரீமாவின் கையில் கொடுத்தாள். குழந்தைக்கு மருந்து புகட்டும் அளவுக் கிண்ணம்.

கரீமா அந்தக் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அதை நீட்டிய மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தாள்.

இருவரும் அந்த வீட்டுக்கு மருமகள்களாக வந்த நாளிலிருந்து ஒல்லியானவள் கரீமா, குண்டானவள் மெஹருன்னிசா. அதில் கரீமாவுக்கு ஒரு சுகம் இருந்தது. பிள்ளை இல்லாத குறையைக்கூட அந்தச் சுகம் கொஞ்சம் மூடி வைத்திருந்தது. கல்யாண வீடுகளில் மெஹருன்னிசாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருவாள். இப்போது பெண்கள் மெஹருன்னிசாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கன்னத்தைத் தொட்டார்கள், இடுப்பைக் கிள்ளினார்கள், கரீமாவிடம் தண்ணீர் கேட்டார்கள்.

ஒரு நாள் மெஹருன்னிசா அலமாரியைத் திறந்து கரீமாவின் கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிப் பார்த்தாள். "ரவிக்கைகூடச் சரியா கீது பாரேன், லாத்தா!" என்று சிரித்தாள். மீன் கிடங்கிலிருந்து அப்போதுதான் வந்த கரீமாவின் புருஷன் கௌஸ் மைதீன், முதுகுப் பக்கமாகப் பார்த்துவிட்டு, "கரீமா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றான். அவள் திரும்பினாள். அவன் சிரித்தான். சிரித்து முடித்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை.

அன்று மாலை கரீமா கிண்ணத்துச் சோற்றை விரலால் அழுத்தி, மேலே இன்னொரு பிடி வைத்தாள்.

அதன் பிறகு அது தினசரி வேலையாயிற்று. மருந்துக் கிண்ணம் போய் ஊறுகாய்க் கிண்ணம் வந்தது. அதுவும் போய்க் குழம்புக் கிண்ணம் வந்தது. சோற்றைக் குழைத்து, நெய் விட்டு, இறாலை நசுக்கி, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குமாறு பக்குவப்படுத்தினாள். "உடம்புல தெம்பு வேணாமா? வாயைத் தொற" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். முதலில் வாந்தி எடுத்த மெஹருன்னிசா, பிறகு எடுக்கவில்லை. பிறகு கிண்ணம் வருவதற்கு முன்பே வாயைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே, தையலுக்கு மேலே, அந்தச் சின்னப் பை பலூனைப்போல மெல்ல மெல்ல விரிவதைக் கரீமா கண்ணை மூடிப் பார்த்தாள். அந்த நினைப்போடு நன்றாகத் தூங்கினாள்.

ஆனால் மெஹருன்னிசா பருக்கவில்லை. அதே மணிக்கட்டு. அதே இடுப்பு.

கரீமாவின் ரவிக்கைதான் கொக்கி மாட்டவில்லை. பாவாடை நாடா இடுப்பில் சிவப்பாகத் தடம் பதித்தது. சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கவளம் இறங்குவதற்குள் வயிறு திம்மென்று நிறைந்து நின்றது. சாப்பிடாத நெய் மீசைபோல உதட்டின் மேல் பிசுபிசுத்தது.

"விசேஷமா?" என்று கௌஸ் மைதீன் வாசலில் வைத்தே கேட்டுவிட்டான். கரீமா தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அப்படித்தான் நம்ப விரும்பினாள். அந்த வாரம் முழுவதும் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மெஹருன்னிசா ஒரு மூலையிலிருந்து அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமையில்தான் பார்க்கிறாள் என்று கரீமாவுக்கு உள்ளுக்குள் இனித்தது.

கோட்டைக்குப்பத்திலிருந்து நர்ஸ் சூசையம்மாளை அழைத்து வந்தார்கள். அவள் வயிற்றை அழுத்தினாள், தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள். நெற்றி சுருங்கியது.

"புள்ள இல்லம்மா. இரைப்பை ரொம்பி இம்மாம் பெருசா எறங்கி நிக்குது. காலைல இன்னா துன்னே?"

"ஒண்ணும் சாப்பிடலை. வெறும் டீ."

"பொய் சொல்லாதே. தொண்டைக்குழி வரைக்கும் கீது."

சூசையம்மாள் கையைக் கழுவப் போனாள். அடுப்படியிலிருந்து மெஹருன்னிசா தட்டை வழிக்கும் சத்தம் வந்தது. அழுத்துவதற்கு யாருமில்லாதபோதே கரீமாவின் வயிற்றுத் தோல் உள்ளிருந்து மெல்ல எழும்பி, நின்றது.

அன்று கரீமா பழைய மருந்துக் கிண்ணத்தைத் தேடி எடுத்தாள். அளந்து கொண்டுபோய் வைத்தாள். மெஹருன்னிசா அதை ஒரே நக்கில் முடித்தாள்.

"பத்தலை லாத்தா."

"டாக்டர் சொன்ன அளவு அதானே."

"டாக்டர் சொன்னாரு. நீ கேட்டியா?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கரீமா தின்பண்டங்களைப் பரணில் ஏற்றினாள், அடுப்படியைப் பூட்டினாள். பூட்டிய அடுப்படிக்குள்ளிருந்து, எப்படிப் புகுந்தாளோ, மெஹருன்னிசா பச்சை அரிசி மெல்லும் சத்தம் கேட்டது. வெல்லத்தின் இனிப்பு, கருவாட்டின் உப்பு, சில நாள் அடுப்புக்கரியின் கசப்பும்கூட அவள் நாக்கில் வந்து போயின. "அவள ஊருக்கு அனுப்பிடுங்க" என்று புருஷனிடம் அழுதாள். "ஒரு ஊட்டுல ரெண்டு பொம்பள அழகா இருந்தா உனக்கு ஆவாதா?" என்று அவன் புரண்டு படுத்துவிட்டான்.

மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தது. குப்பத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். "ஒரு அண்டா சோறு ஆக்கி வை. சாயங்காலம் ஆளுங்களோட வந்து தூக்கிக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டுக் கௌஸ் மைதீன் போனான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கைகொடுத்து, வடித்து இறக்கி வைத்துவிட்டு, இருட்டும் முன்பே ஓடிப்போனார்கள். அதற்குள் ஏரி ஏறிவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். மின்சாரம் போயிற்று. கரீமா முன்னறையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, ஓட்டின் மேல் கொட்டும் மழையையும், தூரத்தில் முகத்துவாரத்தில் கடல் இடித்துக்கொண்டு உள்ளே வரும் இரைச்சலையும், ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாசனையையும், கதவிடுக்கில் நுழைந்து தரையில் நூலாக ஊரும் தண்ணீரையும் கவனித்தபடி, ஆட்களின் குரலுக்காகக் காத்திருந்தாள்.

குரல் வரவில்லை.

நாக்கில் சூடு தட்டியது.

வெறும் சோறு. ஆவி பறக்கும் சோறு.

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் வயிறு கனத்தது. அடுப்படிக் கதவு திறந்திருந்தது.

அண்டாவின் முன்னால் மெஹருன்னிசா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை சோறு. மெல்லவில்லை. அள்ளினாள், விழுங்கினாள். அள்ளினாள். மெலிந்த கழுத்தில் ஒவ்வொரு உருண்டையும் இறங்குவது தெரிந்தது. நெஞ்சுக்குக் கீழே அது போன இடம் தெரியவில்லை. அங்கே வயிறு தட்டையாக, குழிந்து கிடந்தது.

"போதும்டி" என்றாள் கரீமா. சொல்லோடு சோறு வந்தது.

அவள் தரையில் விழுந்தாள். பாவாடை நாடா அறுந்தது. மூச்சு பாதியில் நின்றது. தோல் இழுபட்டு, விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று நீலம் பாய்ந்தது. உள்ளே ஏதோ விரிந்தது. இன்னும் விரிந்தது. விரிய இடமில்லாமல் விரிந்தது.

மெஹருன்னிசா அண்டாவை இழுத்துக்கொண்டு நகர்ந்து வந்தாள். கரீமாவின் தலையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"வாயைத் தொறக்காதே லாத்தா. வெளியே வந்துடும்."

இடது கையால் அவள் வாயைப் பொத்தினாள். மெதுவாக, குழந்தைக்குப் பொத்துவதுபோல. அண்டாவில் பாதிக்கு மேல் இருந்தது. வலது கை அதற்குள் இறங்கியது.