மணிக்கூட்டை மறைத்த கோபுரம்

"அவர் இருந்த அறையைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ, ஐயா. அது போதும்" என்றாள் யசிந்தா.

குருநகரில் இருந்து உடுவிலுக்கு ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தாள். நமசிவாயம் முதலில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். முப்பது வருடம் காணி அளந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். எல்லைச் சண்டைகளைத் தீர்த்துவைத்த பழக்கத்தில், காணாமல் போன மாட்டில் இருந்து மாப்பிள்ளை வரைக்கும் தேடித்தரும்படி சனம் அவரிடம் வரத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் அவருடைய மச்சான் மார்க்கண்டு, பென்சிலும் கொப்பியுமாக ஏற்கெனவே தயார்.

யசிந்தாவின் புருஷன் சூசைதாசன் போன வருடம் மாசியில் தன் தகப்பன் யாகப்புவோடு வலைக்குப் போனவன். கிழவர் மட்டும் திரும்பி வந்தார். ஆமியின் ரோந்துப் படகு மகனைப் பிடித்துக் கோட்டைக்குள்ளே கொண்டுபோய்விட்டது என்றார். யசிந்தா அப்போது ஏழு மாதம். அதன்பிறகு இந்திய ஆமி போய் இலங்கை ஆமி வந்தது; சூசையிடம் இருந்து மூன்று கடிதங்களும் வந்தன. சண்டைக்குப் பிறகு அதுவும் போய்விட்டது; இப்போது கோட்டையில் ஒருவரும் இல்லை. உள்ளே போய்ப் பார்க்கச் சனத்தை விடுகிறார்கள்.

"வியாழக்கிழமை அண்ணை இந்தியாவுக்கு வள்ளம் எடுக்கிறார். என்னையும் பிள்ளையையும் வரச் சொல்லுறார். இவர் உயிரோடை எங்கையாவது இருந்தால் நான் எப்பிடிப் போறது? திரும்பி வந்து வீடு பூட்டிக் கிடக்கிறதைப் பார்க்கிறதோ?"

மார்க்கண்டு கடைசிக் கடிதத்தை வாங்கி உரத்து வாசித்தார். சூசைக்கு எழுத வராது. யாரோ எழுதிக் கொடுத்தது. 'கடல் பக்கத்து மேல் அறையில் இருக்கிறேன். யன்னலால் பார்த்தால் பெரியகோயில் கோபுரம் மணிக்கூட்டுக் கோபுரத்தை முழுதாக மறைத்து நிற்கும். அதைப் பார்த்துச் செபம் சொல்லுகிறேன். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாளாமே.'

"கடிதம் ஆர் கொண்டுவந்து தந்தது?"

"கனிசியஸ், ஐயா. சைக்கிளிலை மீன் விக்கிறவர். கரையிலை சைக்கிளை விட்டிட்டுப் போய் வரேக்கை பெட்டிக்குள்ளை கிடந்ததாம்."

அவள் போனதும் மார்க்கண்டு துள்ளி எழுந்தார். "மச்சான், உவன் கனிசியஸ்தான் எழுதியிருக்கிறான். தனிச்சுப்போன பெட்டை. ஆறுதல் சொல்ல வாற சாட்டிலை அடிக்கடி வந்து போகலாமெல்லோ!"

"இருக்கலாம்" என்றார் நமசிவாயம். "நாளைக்கு எல்லாரையும் கோட்டைக்கு வரச் சொல்லு. கிழவரையும்."

ஒல்லாந்தர் கட்டிய ஐங்கோணக் கோட்டை என்று கரும்பலகையில் முப்பது வருடம் படம் கீறிப் படிப்பித்த வாத்தியார் மார்க்கண்டு. ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. அகழியைத் தாண்டி, குகை போன்ற வாசலுக்குள் நுழைந்தார். மறுபக்கத்தால் வெளியே வந்தால் குண்டு விழுந்த கட்டடங்கள், கூரையில்லாத தேவாலயம், வேடிக்கை பார்க்கும் குடும்பங்கள். யசிந்தா ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று சுவர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சுவரில் பேர் ஏதும் கீறியிருக்குமோ என்று தேடுகிறாள் என்பது மார்க்கண்டுவுக்குப் பிறகுதான் விளங்கியது.

நமசிவாயம் அவளையும் குழந்தையையும், யாகப்புவையும், கனிசியஸையும் கடல் பக்கத்து மதில் மேலே ஏற்றினார்.

"பிள்ளை, பெரியகோயில் எங்கை?"

யசிந்தா கிழக்கே கொஞ்சம் தெற்காகக் கையை நீட்டினாள்.

"மணிக்கூட்டுக் கோபுரம்?"

அவள் நன்றாக இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டுக்கும் நடுவே பாதிப் பட்டினம் கிடந்தது.

"இந்தக் கோட்டையிலை எந்த அறையிலை நிண்டாலும் ஒண்டு மற்றதை மறைக்காது" என்றார் நமசிவாயம் மெதுவாக. "மறைக்க வேணுமெண்டால் குருநகருக்கும் அங்காலை, கடலுக்குள்ளை நிக்க வேணும். இதை எழுதுவிச்ச ஆள் ஒருநாளும் இங்கை இருந்ததில்லை."

"நான் சொன்னனானெல்லோ!" என்று மார்க்கண்டு கனிசியஸின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் கடலுக்குப் போறனீரோ?" என்று கேட்டார் நமசிவாயம்.

"ஐயோ, வள்ளத்திலை ஏறினாலே எனக்குச் சத்தி வரும்" என்றான் கனிசியஸ்.

"அப்ப உமக்கு இது தெரிய நியாயமில்லை. வலை வைச்ச இடத்தைத் திருப்பிக் கண்டுபிடிக்கக் கடற்தொழிலாளிதான் கரையிலை ரெண்டு உயரமான அடையாளத்தை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாய் ஒரே நேரிலை வைச்சுப் பார்க்கிறவன். பட்டினம் எப்பிடித் தெரியுமெண்டு கேட்டால், அவன்ரை மனதிலை வள்ளத்திலை இருந்து பார்த்த மாதிரித்தான் வரும். மற்றது, சூசை போகேக்கை பிள்ளை பிறக்கேல்லை. அது பொம்பிளைப் பிள்ளை, நடக்குது எண்டு தெரிஞ்சவர் உங்கடை வீட்டிலை இருக்கிறவர்." அவர் கிழவரைப் பார்த்தார். "யாகப்பு அண்ணை, எத்தினையோ இடம் இருக்க, ஏன் அந்த இடம் உங்கடை வாயிலை வந்தது?"

யாகப்பு மதிலில் கையை ஊன்றினார்.

"அங்கைதான் என்ரை பிள்ளையை விட்டிட்டு வந்தனான்."

ரோந்துப் படகு சுட்டது. சூசை தண்ணீரில் விழுந்தான். கிழவர் மத்தியானம் மட்டும் சுழியோடித் தேடினார். தடைசெய்த அந்த இடத்துக்கு, மீன் நிறைய என்று ஆசை காட்டி மகனைக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான்.

"முன்னம் ரெண்டு கரு அழிஞ்சது இவளுக்கு. இதைச் சொன்னால் இதுவும் போகும் எண்டு பயந்தன். பிள்ளை பிறக்கட்டும் எண்டிருந்தன். பிறந்தாப்பிறகு இவள் சாப்பிடாமல் கிடந்தாள். மருதனார்மடத்திலை ஒரு கடைக்காரரைக் கொண்டு எழுதுவிச்சு, கனிசியஸின்ரை பெட்டிக்குள்ளை போட்டன். கடிதம் வந்த அண்டைக்குச் சோறு திண்டாள்."

மார்க்கண்டு கொப்பியை மூடினார். கண்டுபிடித்தாயிற்று என்று சந்தோஷப்பட அவரால் முடியவில்லை. இந்தப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. நமசிவாயமும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

யசிந்தா கத்தவில்லை. குழந்தையைக் கீழே விட்டுவிட்டு, கிழவருக்குப் பக்கத்தில் கல்லின் மேலே இருந்தாள்.

"இவ்வளவு காலமும் தனியவோ அழுதனீங்கள், மாமா?"

கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் அடங்கும் வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"அண்டைக்கு விடிய வள்ளத்திலை என்ன கதைச்சவர்?"

"பேர் கதைச்சவன். பெடியன் எண்டால் நீங்கள் வையுங்கோ அப்பு, பெட்டை எண்டால் நான் வைப்பன் எண்டான்."

"என்ன பேர் சொன்னவர்?"

"பெர்னடெட்."

யசிந்தா குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். ஞானஸ்நானத்தன்று அந்தப் பேர்தான் வேண்டும் என்று கிழவர் கோயில் வாசலில் நின்று அடம்பிடித்து அதையே வைப்பித்ததும், தான் அதற்காக ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்ததும் அவளுக்கு நினைவு வந்தது. அப்போதுதான் அழுதாள்.

பிறகு சீலைத் தலைப்பால் கிழவரின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நான் வியாழக்கிழமை போறன், மாமா. அதுக்குள்ளை எல்லாத்தையும் சொல்லுங்கோ. வேறை என்ன சொன்னவர்?"