கடைசித் துளை

"திருப்பாதேன்னு எத்தனை தடவைக்கா சொல்றது? என் விரல் உள்ள..."

"நான் எங்கடா திருப்பினேன்? ஸ்பேனர் அதோ தரையில கிடக்கு. கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

தம்பி குனிந்து பார்த்தான். ஸ்பேனர் தரையில்தான் கிடந்தது. பிஸ்டன் மேலே வருவதைக் கண்டுபிடிக்க, ஸ்பார்க் ப்ளக் மாட்டும் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு இன்னொருவரை என்ஜினைத் திருப்பச் சொல்வது அவன் வழக்கம். காற்று விரலைத் தள்ளும். இப்போது யாரும் திருப்பவில்லை. ஆனாலும் காற்று தள்ளியது. பிறகு, மெதுவாக, உள்ளே இழுத்தது.

"வேலையை முடிக்க உனக்கு மனசில்ல. அதுக்கு ஒரு சாக்கு."

"சாக்கா? நீயே வந்து விரல் வச்சுப் பாரு!"

அவள் வரவில்லை.

அக்காவின் கணவரான மாமாவின் சூப்பர் கார் வருடக்கணக்கில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து, இருக்கைக்குள் எலி குட்டி போட்டு, என்ஜின் அசைய மறுத்து இறுகிப்போயிருந்தது. மாமா படுக்கையில் விழுந்த பிறகுதான் அக்கா ஷெட் சாவியை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள். அவன் என்ஜினை இறக்கி, பாகம் பாகமாகப் பிரித்துக் கழுவி, புது பிஸ்டன் வளையங்கள் போட்டுப் பூட்டியிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம் பாதி திறந்த கதவு வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்க, பெட்ரோல் நெடிக்கும் கிரீஸ் வாடைக்கும் அடியிலிருந்து தைலமும் நோயாளி வாயின் புளிப்பும் கலந்த ஒரு வாசனை எழுந்துவந்தது. கதவுப் பக்கமிருந்து அல்ல. துளைகளிலிருந்து.

"மாட்டுடா" என்று அக்கா ப்ளக்குகளை நீட்டினாள்.

முதல் ப்ளக்கை இறுக்கினான். அடுத்த அறையில் மாமா இருமினார். இன்னொன்றை இறுக்கினான். இருமல் நின்று இழுப்பு குறுகியது. ஒவ்வொன்றாக மாட்ட மாட்ட அந்த மூச்சு மெலிந்து மெலிந்து விசில் போலாயிற்று. ஒரே ஒரு துளை மிச்சம்.

அதைக் கட்டைவிரலால் மூடினான்.

அடுத்த அறை அடங்கியது.

விரலை எடுத்தான். விசில் திரும்பி வந்தது.

மூடினான். அமைதி.

"அக்கா... மாமாவுக்கு மூச்சு..."

"தெரியும்டா. நேத்து நீ சாப்பிடப் போனப்ப எல்லாத் துளையிலயும் துணியை அடைச்சுப் பார்த்தேன். மனுஷன் முழிச்ச முழி இருக்கே!"

சிரித்தபடி வலது கையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு விரல்கள் கோணலாக நின்றன.

"என் மோதிரம் பெயின்ட்ல உரசிடுச்சுன்னு இந்த விரலை இதே கார் கதவுல வச்சு அடைச்சாரு. அப்புறம் கதவைத்தான் தடவிக் கொடுத்தாரு."

அவன் விரலை எடுக்கப் பார்த்தான். அந்தக் கோணல் விரல்கள் அவன் கட்டைவிரல்மேல் விழுந்து அழுத்தின. உலோகம் வெதுவெதுத்தது. ஈரமானது. துளைக்குள்ளிருந்து மிருதுவாக ஏதோ அவன் விரல்நுனியை நெம்பியது. நாக்கு மாதிரி. மறுபக்கத்தில் யாரோ சுவரைத் தட்டினார்கள். மறுபடியும். பலமில்லாமல்.

"விடுக்கா! கையை விடு!"

"அசையாதே தம்பி. இன்னும் கொஞ்ச நேரம்தான்."