நாக்குக்குக் கீழே

நாற்காலி இடம் மாறியிருந்தது. கூடத்தில் ஜன்னலோரமாகக் கிடக்கும் மாமியாரின் நாற்காலி, அன்று காலை சின்ன மருமகளின் அறை வாசலுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்திருந்தது. அதில் மாமியாரும் உட்கார்ந்திருந்தாள்.

சமையலறையிலிருந்து தம்ளரில் வெந்நீரோடு வந்த சின்னவள் அதைப் பார்த்ததுமே நின்றுவிட்டாள். வலது கையில் தம்ளர். இடது கையை இறுக்க மூடியிருந்தாள்.

"அந்தக் கையில என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை..."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடி இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கே? திற கையை!"

சின்னவள் திறக்கவில்லை. அவள் கணவன் சிறையிலிருந்து வந்த நாள் முதலாகவே இந்த வீட்டில் ஒரு சந்தேகம் நடமாடிக்கொண்டிருந்தது. எல்லா அறைக் கதவும் திறந்து கிடக்கிற காலை நேரத்தில் இந்த ஒரு கதவு மட்டும் ஏன் சாத்தப்படுகிறது? உள்ளே போகும்போது தண்ணீர் எதற்கு? கேட்டால் எப்போதும் இதே பதில்தான். ஒண்ணுமில்லாததற்கு யாராவது தினமும் கதவைச் சாத்துவார்களா? மாமியார் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அதற்குள் பெரிய மருமகள் வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால், அந்த நேரத்துக்கு டயர் கடையைத் திறந்திருக்க வேண்டிய பெரியவனும் வந்து நின்றான். எல்லோரும் பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்று சின்னவளுக்குப் புரிந்துபோயிற்று.

பெரியவள் தன் கையிலிருந்ததை நீட்டினாள். காலியான மாத்திரை அட்டை. "குப்பைக் கூடையில, வெங்காயத் தோலுக்கு அடியில, காகிதத்துல சுத்திக் கிடந்துச்சு அத்தை! தலைவலி மாத்திரைன்னா யாராச்சும் இப்படிப் பொத்திப் பொத்தி வைப்பாங்களா?"

அடியில் ஒளித்ததுதான் தப்பு என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். சாதாரணமாக மேலே வீசியிருந்தால் இந்த வீட்டில் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

"நான் மருந்துக் கடைக்காரர்கிட்ட காட்டிக் கேட்டேன்," என்றான் பெரியவன். "அவர் என்னையே ஒரு மாதிரி ஏற இறங்கப் பாத்தாரு. 'யாருக்குங்க இது?'ங்கறாரு. மூளைக்குக் கொடுக்கறதாம். போட்டா அசத்துமாம். கடையில என் தம்பி கம்ப்ரசர் பக்கத்துல உக்காந்த வாக்குலயே தூங்கி விழறான். ஜெயில்தான் அவனை இப்படி ஆக்கிடுச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். கடைசியில பாத்தா வீட்டுக்குள்ளயே ஆள் இருக்கு!"

"மாமா, நீங்க நினைக்கிற மாதிரி..."

"நாங்க என்ன நினைக்கிறோம்னு நீயே சொல்லேன்!" என்று குறுக்கே விழுந்தாள் பெரியவள். "புதன்கிழமை உன் லாண்டரிப் பக்கம் வந்தேன். சேர்ந்து வீட்டுக்கு வரலாமேன்னு பாத்தா, உங்க மேனேஜர் சிரிக்கிறாரு. 'புதன்கிழமைன்னா அவங்களுக்கு மத்தியானத்தோட லீவாச்சே'ங்கறாரு. வீட்டுக்கு மட்டும் சாயங்காலம் நேரம் தப்பாம வந்து சேர்றே. நடுவுல எங்கம்மா போறே? கூட வேற யார் வர்றா?"

சின்னவளின் முகம் செத்துப்போயிற்று. ஓட்டல் படுக்கை விரிப்புகளை நீராவி உருளைக்குள் செலுத்திச் செலுத்தி இரண்டு மணிக்கட்டுகளிலும் தழும்பேறிய கைகள் அவளுடையவை. கணவன் உள்ளே இருந்த காலம் முழுக்க அந்தக் கைகள்தான் அவளைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்தன. அந்தக் கைகளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா!

பதில் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் அவள் வாயை ஒரு சத்தியம் கட்டிப்போட்டிருந்தது. கணவன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஓட்டியபடியே கண்ணயர்ந்தான், சாலையைக் கடந்த ஒரு பெண் பிழைக்கவில்லை. அதற்குத்தான் சிறை. உள்ளே போனவன் தூக்கத்தை இழந்தான், சாப்பாட்டை இழந்தான், கடைசியில் தன்னையும் இழக்கப் பார்த்தான். சிறை ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் ஒருவர் மீட்டுக் கொண்டுவந்தார். அடுத்த முறை பார்க்கப் போனபோது, நடுவில் இருந்த கம்பி வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு அவன் அழுதான். "அம்மாவுக்குத் தெரியவே கூடாது. ஜெயிலுக்குப் போனவன்னு பேர் வாங்கினது போதும். பைத்தியம்னு வேற பேர் வாங்க வேண்டாம். என் மேல சத்தியம் பண்ணு!" அவளும் பண்ணித் தொலைத்தாள்.

"பதில் வராது," என்றாள் மாமியார். "நானே சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. நேத்து ஜன்னல் இடுக்குல பாத்தேன். என் பிள்ளை இவ முன்னால கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். வாயைப் பிளந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்கிறான்! இவ பாட்டுக்கு மகாராணி மாதிரி சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. பெத்தவ நான், அவனை அதட்டிக்கூட வளக்கலையே... அவனை நாய்க்குட்டி மாதிரி பழக்கி வச்சிருக்கியேடி! என் பிள்ளையை மயக்கத்துல போட்டுட்டு நீ ஊர் சுத்தப் போறியா?"

இவ்வளவு கேட்ட பிறகும் சின்னவளின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதையும் குற்றமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

"கொஞ்ச நாளைக்கு உன் அம்மா வீட்டுல போய் இரு," என்றான் பெரியவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "அவனை நாங்க பாத்துக்கறோம்."

"போறேன் மாமா." தயங்காமல் சொன்னாள். "இப்பவே போறேன். என்னை எப்படி வேணும்னாலும் நினைச்சுக்கோங்க. ஆனா அத்தை... இந்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஒரு நாள்கூட விடாம கொடுங்க!"

மூடிய கை திறந்தது. வெள்ளையாக ஒரு சின்ன மாத்திரை. வியர்வையில் ஓரம் கரைந்திருந்தது.

மாமியாருக்கு இது இன்னும் பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது. பிடிபட்டவள் மாத்திரையைத் தூக்கி எறிவாள் என்று பார்த்தால், தான் இல்லாதபோதும் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாளே... இதில் என்ன சூது?

"கொடுத்துப் பாரும்மா," என்றான் பெரியவன். "நம்ம கண்ணு முன்னாலயே கொடு. என்னதான் ஆகுதுன்னு பாத்துடுவோம்."

சின்னவள் பதறிப்போனாள். "வேண்டாம்! இங்க வேண்டாம் மாமா! அத்தை, நீங்களே கொடுங்க, ஆனா ரூமுக்குள்ள போய்க் கொடுங்க. எல்லார் முன்னாலயும் வேண்டாம்!"

"பாத்தீங்களா!" பெரியவள் கையைத் தட்டினாள். "எல்லார் முன்னாலயும் வேண்டாமாம்! சாயம் வெளுத்துடும்ல!"

மாமியார் மாத்திரையைப் பறித்துக்கொண்டு எழுந்தாள். "டேய் சின்னவனே, வெளியில வாடா!"

அவன் வந்தான். கட்டில் விளிம்பில் அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தவன்தான். கூப்பிடாமல் அறையை விட்டு வருகிற பழக்கம் அவனுக்கு விட்டுப்போயிருந்தது. வந்தவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாமியார் அவன் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தாள், சின்னவளிடமிருந்து தம்ளரை வாங்கி நீட்டினாள். "சாப்பிடுப்பா. உங்கம்மா கொடுக்கறேன்."

அவன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். தம்ளரைத் தரையில் வைத்தான். நிமிர்ந்து நின்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

பிறகு பெற்றவளின் முகத்துக்கு நேரே வாயை அகலத் திறந்தான்.

நாக்கைத் தூக்கிக் காட்டினான். இடது கன்னத்தில் ஒன்றுமில்லை என்று காட்டினான், வலது கன்னத்தில் ஒன்றுமில்லை என்று காட்டினான். அப்படியே நின்றான். மாமியார் பின்வாங்கி நாற்காலியில் இடித்துக்கொண்டாள். அவன் மூடவில்லை. கடைவாயில் எச்சில் வழியத் தொடங்கியது, அப்போதும் மூடவில்லை.

"அத்தை, 'சரி'ன்னு சொல்லுங்க!" சின்னவள் கத்தினாள். "நீங்க சொன்னாத்தான் மூடுவாரு... சொல்லுங்க அத்தை!"

"ச... சரிப்பா..."

அவன் வாயை மூடினான். "நன்றி சார்," என்றான்.

சொல்லிவிட்டு ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றான். வரிசையில் பின்னால் நிற்கிற ஆளுக்கு இடம் விடுகிற நகர்வு அது. அங்கே யாரும் இல்லை. அவன் தங்கையின் கல்யாணப் படம்தான் சுவரில் மாட்டியிருந்தது.

"யாருடா சார்?" பெரியவனின் குரல் உடைந்தது. "அம்மாடா அது... நம்ம அம்மாடா!"

அப்போதுதான் சின்னவன் ஏறிட்டுப் பார்த்தான். அம்மாவின் முகம் கண்ணில் பட்டதும் அவன் உடம்பு முழுவதும் உதறியது. ஓடிப்போய் அறைக்குள் புகுந்துகொள்வான் என்று சின்னவள் பயந்தாள். அவன் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"ஜெயில்ல மாத்திரை கொடுக்க ஒரு ஜன்னல் இருக்கும்மா. காலையில எல்லாரும் வரிசையில நிக்கணும். மாத்திரையைப் போட்டுட்டு வாயைத் திறந்து காட்டணும். சார் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு 'சரி'ன்னா நகரலாம். நான்... நான் அவரையும் ஏமாத்தினேன். நாக்குக்குக் கீழே ஒதுக்கி வச்சு, அப்புறம் எடுத்துப் போர்வை மடிப்புல சேத்து வச்சேன். எதுக்குச் சேத்தேன்னு மட்டும் கேக்காதம்மா. காப்பாத்திட்டாங்க. அதுக்கப்புறம் அவரு விடவே மாட்டாரு, ரெண்டு தடவை பாப்பாரு..."

"ஐயோ, என் சாமி..." மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவ என்னைத் திறக்கச் சொன்னதே இல்லம்மா! 'இது நம்ம வீடுங்க, காட்ட வேண்டாம்'னு தினமும் சொல்றா. என்னாலதான் நிறுத்த முடியல. அதைப் பாக்க மாட்டாம சுவத்துப் பக்கம் திரும்பிக்குவா. பாக்காமயே 'சரி'ம்பா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அவளைத் திட்டாதீங்க... அந்த மாத்திரைதான் என்னை இன்னைக்கு உங்க முன்னால உக்கார வச்சிருக்கு."

மாமியார் மகனைத் தூக்கவில்லை. நேராக மருமகளிடம் வந்தாள். தழும்பேறிய அந்த இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "இவ்வளவையும் கேட்டுக்கிட்டு நின்னியேடி... ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே! நான் பாவி, ஜன்னல் இடுக்குல பாத்தேனே தவிர, கதவைத் தட்டி உள்ள வந்து கேக்கலையே!"

பெரியவன் தொண்டையைச் செருமினான். மன்னிப்புக் கேட்டுப் பழகாத ஆள். "தூக்கம் வந்தா வரட்டும். கடையில கட்டில் ஒண்ணு போட்டுடறேன்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தம்பியின் அக்குளில் கைகொடுத்து எழுப்பினான். சின்னவள் பெரியவனுக்கும் பெரியவளுக்கும் முகம் கொடுக்கவில்லை. அவர்கள் சொன்னதை மறக்க அவளுக்கும் நாளாகும் அல்லவா?

பெரியவளால் மட்டும் ஒன்றை விழுங்க முடியவில்லை. "சரிம்மா... அந்தப் புதன்கிழமை?"

"ஆஸ்பத்திரியில ஒரு கூட்டம் நடக்குதுக்கா. உள்ள இருந்து வந்தவங்களோட குடும்பத்துக்காரங்க வருவாங்க. வீட்டுல எப்படிப் பேசணும், எதைக் கவனிக்கணும்னு நர்ஸம்மா சொல்லித் தருவாங்க."

"ஆம்பளைங்களும் வருவாங்களா?"

"சும்மா கிட பெரியவளே!" மாமியார் போட்ட அதட்டலில் பெரியவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். "வர்ற புதன்கிழமை நானும் வர்றேன்."

சொன்னபடியே வந்தாள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பழைய ஃபேன் கடகடக்கும் ஓர் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தாய்மார்கள், மனைவிமார்கள், ஒரு மூலையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த ஒரு தகப்பன். மாமியார் ஒவ்வொருவரையும் எடைபோட்டபடி மருமகளை ஒட்டி நடந்தாள். சந்தேகப்பட்டே பழகிய கண் ஒரே வாரத்தில் மாறிவிடுமா என்ன!

நர்ஸம்மா சிரித்துக்கொண்டே எதிரே வந்தாள். "வாங்கம்மா, வாங்க! முழங்கால் இப்ப எப்படி இருக்கு? படியெல்லாம் ஏறி வந்துட்டீங்களே!"

மாமியார் சட்டென்று நின்றாள். முழங்காலா? மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியாரின் புருவம் பழைய மாதிரியே நெரிந்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்த பெண் சொன்னாள். "நாங்க கேட்டுக்கிட்டே இருப்போம்மா, 'அவரைப் பெத்தவங்க ஏன் வர்றதில்ல'ன்னு. உங்க மருமக ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொல்லும். 'எங்க அத்தைக்கு முழங்கால் முடியல, இல்லாட்டி என்னை வீட்டுல விட்டுட்டு அவங்கதான் முதல் ஆளா வந்து உக்காந்திருப்பாங்க'ன்னு."

மாமியார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஊரெல்லாம் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவளைத்தான் வீட்டில் வாசல்மறித்து உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறாள்.

"என் முழங்காலுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றாள் எல்லோரும் கேட்கும்படி. "கல்லு மாதிரி நல்லாத்தான் இருக்கு. இவ இங்க வந்து என் பிள்ளைக்காகக் கத்துக்கிட்டிருந்தா. நான் வீட்டுல உக்காந்து இவ எங்க போறா, யாரோட போறான்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். அதனாலதான் வரல."

மூலையிலிருந்த தகப்பன் எழுந்து தன் நாற்காலியைத் தள்ளி, இருவரும் சேர்ந்து உட்கார இடம் பண்ணிக் கொடுத்தார். மாமியார் உட்கார்ந்தாள். மருமகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே எனக்காக யார்கிட்டயும் பொய் சொல்லாதேடி," என்று காதோரம் முணுமுணுத்தாள்.

"சரி அத்தை," என்றாள் சின்னவள்.

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றபோதும், கூடத்தில் எல்லோரும் சேர்ந்து குதறியபோதும் வராத அழுகை, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மாமியாரின் தோளில் முகம் புதைத்ததும் பொங்கிக்கொண்டு வந்தது.