குடை ராட்டினத்தைத் தள்ளியவன்

அறுபத்து நான்காம் வருஷம், பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு. மூன்று மணிக்கே லீலா இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி, வாசலில் போய் நின்றுகொண்டாள். நான்கு வயது பாபு ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தான். ஆண்டர்சன்பேட்டைக்கு வெளியே பொருட்காட்சி போட்டுப் பத்து நாளாகியிருந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில் அதைப் பார்க்காத பிள்ளைகள் இவர்கள் இருவர்தான்.

"எனக்குத் தல இடிக்குது. நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க" என்றாள் பாக்கியவதி.

தசரதன் சட்டைக் கையை மடித்துவிட்டபடி மனைவியைப் பார்த்தான். சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அவனுக்கு. பிள்ளைகள் காதில் விழாதபடி கிட்டத்தில் வந்து சொன்னான்: "ஒரு வருஷம் ஆயிப்போச்சி. இன்னும் அதையே நெனச்சிகினு இருந்தா இன்னாமே அர்த்தம்? நாம வராம இருந்தாத்தான் நாலு பேரு ஏன்னு கேப்பாங்க."

அவள் புடவை மாற்றிக்கொண்டாள்.

மைதானம் சயனைடு மேட்டின் அடிவாரத்தில் இருந்தது. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண், மலை மாதிரி உயர்ந்து நிற்கும் மேடு அது. காற்றடித்தால் மாவு போன்ற அந்த வெள்ளை மண் பறந்து வந்து கூடாரத் துணியிலும், வறுத்த வேர்க்கடலையிலும், ஆட்களின் புருவத்திலும் படியும். மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டிருந்தது. பஞ்சு மிட்டாயை முகத்தில் அப்பிக்கொண்டான் பாபு. கண்ணாடிக் கொட்டகையில் தன் தலை பூசணிக்காய் போல வீங்கியதைப் பார்த்து லீலா விழுந்து விழுந்து சிரித்தாள். பாக்கியவதிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வந்ததும் தசரதனோடு ஒரே ஷிப்டில் வேலை செய்யும் ஆபிரகாம் எதிரே வந்தான். "இன்னா தசரதா, குடும்பத்தோட கெளம்பிட்ட!" என்று தோளில் தட்டினான். பாக்கியவதி அவன் கைகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிய இடத்தில் குடை ராட்டினம் நின்றது.

இந்த வருஷம் வேறு முதலாளி. டீசல் எஞ்சின் வைத்து, பெல்ட் மாட்டியிருந்தார்கள். மரக்குதிரைகள் மட்டும் பழையவை. மேலே புதுச் சிவப்பு அடித்திருந்தார்கள்.

போன வருஷம் எஞ்சின் கிடையாது. மதனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தெலுங்குக்காரன், குதிரைகளுக்கு உள்வட்டத்தில் நின்று, கம்பியைப் பிடித்துத் தள்ளியபடி வெறுங்காலோடு ஓடுவான். பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க அவனும் சிரித்துக்கொண்டே ஓடுவான். அன்று கூட்டத்தில் லீலா காணாமல் போனாள். அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை.

"இவன்கிட்டதான் நின்னுகினு இருந்தா! இவன்தான் தூக்கிட்டான்!" என்று விரலை நீட்டிக் கத்தியது பாக்கியவதிதான்.

அதன்பிறகு எதுவும் அவள் கையில் இல்லை. நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆபிரகாம் அவன் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினான். தசரதன் கூடாரக் கயிறு கட்டியிருந்த இரும்பு முளையைப் பிடுங்கி ஓங்கினான்.

அந்த அடி விழுவதற்கு முன் அந்தத் தெலுங்குக்காரன் ஒன்று சொன்னான். பாக்கியவதியைப் பார்த்துத்தான் சொன்னான்.

"பாப்ப நித்ரபோயிந்தம்மா. வெனக."

குழந்தை தூங்கிவிட்டது, பின்னால். தெலுங்கு அவளுக்கு நன்றாகத் தெரியும். நிறுத்துங்கள் என்ற சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் அவளுக்குள் பொங்கிய ஆத்திரம் அடங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஒரே அடியில் அவன் தாடை பெயர்ந்தது. அவனைக் கீழே விழ விடவில்லை. சரிந்தபோதெல்லாம் முடியைப் பிடித்து நிறுத்தினார்கள், அடுத்தவன் அடிக்க. விலா ஒடிகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கடைசியில் விட்டபோது அவன் முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

கூடாரத் துணிக்குப் பின்னால், சாக்குகளின் மேல் லீலா தூங்கிக்கொண்டிருந்தாள். குளிருக்கு அவன் துண்டைப் போர்த்திவிட்டிருந்தான்.

ராட்டினம் சாய்ந்து மேலே விழுந்து அவன் செத்துவிட்டான் என்று நூறு பேரும் ஒரே வாயாகப் போலீசிடம் சொன்னார்கள். அவன் தன்னிடம் சொன்னதைப் பாக்கியவதி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"நைனா, செவப்புக் குதிர! நான் அதுலதான் ஏறுவேன்!"

லீலாவைத் தூக்கி உட்கார வைத்தான் தசரதன். பாபு குதிரையின் பல்லைப் பார்த்து அழுததால் பாக்கியவதி அவனை இடுப்பில் வாங்கிக்கொண்டாள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஏறினார்கள். எஞ்சினை ஓட்டியவன் சௌந்தரராஜன் என்ற பங்காருபேட்டைக்காரன், நாற்பது வயது ஆள். "கெட்டியாப் புடிச்சிக்கங்க கண்ணுங்களா" என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பினான்.

முதல் சுற்றில் லீலா அம்மாவைப் பார்த்துக் கையாட்டினாள்.

இரண்டாம் சுற்றில் அவள் வெளியே பார்க்கவில்லை. உள்பக்கமாகத் திரும்பி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் சுற்றில் தலையாட்டிச் சிரித்தாள். பக்கத்தில் ஓடி வருகிற ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது போல.

உள்வட்டத்தில் யாரும் இல்லை.

"இன்னாங்க" என்றாள் பாக்கியவதி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அவ யார்கிட்ட பேசிகினு கீறா?"

ராட்டினத்தின் வேகம் கூடிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். பிறகு அலற ஆரம்பித்தார்கள். சௌந்தரராஜன் ஓடிப்போய் எஞ்சினை அணைத்தான். ராட்டினம் நிற்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி எறிந்தான். அப்போதும் நிற்கவில்லை. எஞ்சின் சத்தம் ஓய்ந்த அந்த இடத்தில் வேறொரு சத்தம் கேட்டது. ஒரு மனிதன் ஓடி ஓடி இளைக்கிற சத்தம். வாய் கிழிந்தவன் இழுக்கிற மூச்சு மாதிரி, ஈரமாக.

பாக்கியவதி கீழே பார்த்தாள்.

உள்வட்டத்து வெள்ளை மண்ணில், ஒன்றன்பின் ஒன்றாக, வெறுங்கால் தடங்கள் விழுந்துகொண்டிருந்தன.

ஒரு குதிரையின் கம்பி பிய்ந்தது. அதிலிருந்த பையன் குதிரையோடு பறந்துபோய் டிக்கெட் மேசையில் மோதினான். அவன் முழங்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஜனங்கள் கத்திக்கொண்டு பின்வாங்க, "லீலா!" என்று தசரதன் உள்ளே பாய்ந்தான்.

முதல் குதிரையின் குளம்பு அவன் தாடையில் விழுந்தது. எலும்பு நொறுங்கியது.

அவன் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

கால்கள் துவண்டு தொங்க, அவன் நின்றுகொண்டே இருந்தான். தலைமுடி ஒரு பிடிக்குள் சிக்கியதைப் போல உச்சியில் குவிந்து மேலே இழுபட்டிருந்தது. அடுத்த குதிரை வந்து விலாவில் இடித்தது. அதற்கடுத்தது வாயில். பல்லும் இரத்தமுமாக வெளியே தெறித்தது. ஒவ்வொரு குதிரையும் வந்து அடித்துவிட்டுப் போக, அடுத்ததற்காக எதுவோ அவனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆபிரகாம் இரண்டடி எடுத்து வைத்தவன், அந்த முடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

பாக்கியவதிக்குப் புரிந்துவிட்டது.

"அவன் சொன்னான்!" என்று கத்தினாள். இடுப்பிலிருந்த பாபு வீறிட்டான். "பாப்பா தூங்குதுன்னு சொன்னான்! என்கிட்ட சொன்னான்! எனக்குக் கேட்டுச்சி! நான்தான் வாயத் தொறக்கல! நான்தான் அவனக் கொன்னேன்!"

ராட்டினம் நின்றது.

மெல்ல ஓய்ந்து நிற்கவில்லை. சுவரில் முட்டியது போல ஒரேயடியாக நின்றது. தசரதன் துணி மூட்டையாகச் சரிந்து விழுந்தான். தாய்மார்கள் ஓடிவந்து தங்கள் தங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டார்கள்.

சிவப்புக் குதிரையில் யாரும் இல்லை.

"புள்ள எங்கடா?" ஆபிரகாமின் குரல்தான் முதலில் எழுந்தது. பயத்தில் அவன் உதடு கோணியிருந்தது. சௌந்தரராஜனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எஞ்சின வச்சிப் பசங்களக் கொல்றியா? புள்ளைய எங்கடா மறைச்ச?"

"அண்ணே, நான் எஞ்சின அமத்திட்டேண்ணே! நீங்களே பாத்தீங்களே!"

யார் கேட்டார்கள்? கூட்டம் மூடிக்கொண்டது. யாரோ ஒருவன் இரும்பு முளையைப் பிடுங்கினான். முதல் அடியில் சௌந்தரராஜனின் காது கிழிந்து தொங்கியது. பாக்கியவதி பாபுவைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திணித்துவிட்டு, ஆண்களின் கால்களுக்கு நடுவே புகுந்தாள். இரத்தத்தோடு கிடந்தவன் மேல் குப்புற விழுந்து அவனை மூடிக்கொண்டாள். ஓங்கிய முளை அவள் தோள்பட்டையில் இறங்கியது. கண் இருண்டது. முதுகில் யாரோ உதைத்தார்கள். இன்னொரு அடி. அவள் அசையவில்லை.

"பாப்பா தூங்கிகினு கீறா!" என்று அலறினாள். "பின்னால போய்ப் பாருங்கய்யா! அடிக்காதீங்க, போய்ப் பாருங்க!"

எப்படித் தெரிந்தது என்று அவளுக்கே தெரியாது. யாரோ காதுக்குள் சொன்னது போலத்தான் இருந்தது.

கூடாரத் துணியைத் தூக்கிப் பார்த்தவள் பாபுவை வாங்கிக்கொண்ட அந்தப் பெண்தான். அவள் குரல் கேட்டபிறகுதான் கைகள் தாழ்ந்தன. லீலா வெறுந்தரையில், கைகளைக் கன்னத்துக்கு அணை கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அம்மாவின் இரத்தத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"யாரு தூக்கியாந்து படுக்க வச்சது கண்ணு?" என்று கேட்டாள் பாக்கியவதி.

"ஓடிகினே இருந்தாரே, அந்த மாமா. அவருக்கு வாயே இல்லம்மா. கையாலதான் பேசுனாரு."

ஆபிரகாம் அதைக் கேட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஊரிகம் பக்கம் பார்த்து நடக்க ஆரம்பித்தான். அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

தசரதன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கம்பி கட்டி, வாயைத் திறக்க முடியாதபடி முகம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்கள். விலாவில் ஆறு எலும்பு போயிருந்தது. இடது தோளில் மாவுக்கட்டோடு பாக்கியவதி தினமும் மத்தியானம் கஞ்சித் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், குழாய் வழியாக ஊட்டிவிட்டு வருவாள்.

மூன்றாம் நாள் வார்டு ஆயா மங்கம்மா அவளை வழிமறித்தாள்.

"யாரும்மா உங்கூட்டுக்காரரு கட்டில மாத்திப் போடறது? நேத்து தலமாடு ஜன்னல் பக்கம் இருந்திச்சி. காலைல வந்தா வாசப்படி பக்கம் கீது. முந்தாநாளு செவத்துப் பக்கம். இரும்புக் கட்டிலு, நாலு ஆள் புடிச்சாத்தான் நவுரும்."

பாக்கியவதி அவளைத் தாண்டி உள்ளே நடந்தாள். கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். தசரதன் விழித்திருந்தான். அவன் கண்கள் அவளைப் பார்க்காமல் கட்டிலின் கால்மாட்டிலேயே நிலைத்திருந்தன.

"நான் இங்கேருந்து நேரா போலீஸ் டேஷனுக்குத்தான் போறேன்" என்றாள் மெதுவாக. "போன வருஷம் நடந்தத உள்ளது உள்ளபடி சொல்லப் போறேன். நான் காட்டிக் குடுத்தது, அவன் என்கிட்ட சொன்னது, நீங்க அடிச்சது, ஆபிரகாம் புடிச்சது எல்லாம். நீங்களும் ஒத்துக்கங்க. தலைய ஆட்டுனா போதும்."

தசரதனின் கை போர்வைக்குள்ளிருந்து வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது. காயம்பட்டவன் பிடி போல இல்லை. எலும்பு வலிக்க நெரித்தான். கட்டுக்கு மேலே தெரிந்த கண்களில் அவளுக்குத் தெரிந்த பழைய கோபம் எரிந்தது. கூடாது என்று தலையை இடமும் வலமும் அசைத்தான்.

"வாணாங்க" என்றாள் அவள். "நம்ம பசங்களுக்காகவாச்சும்."

மறுபடியும் அசைத்தான். திறக்க முடியாத வாயிலிருந்து ஒரு உறுமல் வந்தது.

வெளியே நல்ல வெயில். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். மங்கம்மா கோடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

கட்டிலின் இரும்புக் கால் சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்டது.

பாக்கியவதி தன் கையை இழுத்துப் பார்த்தாள். அவன் விடவில்லை. ஆனால் அவன் கண்ணில் இப்போது கோபம் இல்லை. அகலத் திறந்த கண்கள் கால்மாட்டுப் பக்கம் யாரையோ பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தன.

கட்டில் மெல்லத் திரும்பத் தொடங்கியது.