வாபஸ் வாங்கிய வார்த்தை

“ஜெயில்லயாவது உப்பை அளவாப் போடுங்க அண்ணி! அங்க இருக்கிறவங்க ஏற்கெனவே தண்டனை அனுபவிக்கிறவங்க...”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள் நாத்தனார். பரிமாறிக்கொண்டிருந்த அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. தண்டனை அறிவிக்கப்போகும் நாளிலும் அந்த வீட்டில் பெரிய குற்றம் உப்புதான்.

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டுப் பையிலிருந்த தங்கக் கடிகாரத்தைத் திருடியதாகப் போலீஸிடமும் ஒப்புக்கொண்டாள், நீதிபதியிடமும் ஒப்புக்கொண்டாள். கடிகாரம் எங்கே என்று கேட்டால் மட்டும், “தொலைஞ்சுபோச்சு.” திருடியதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளக்கூடத் துப்பில்லாதவள் என்று தெருவே சிரித்தது.

அவள் எடுக்கவில்லை. புகார் வந்ததற்கு முந்தின மாலை, கடைக்கு அவளைக் கூட்டிப்போக வந்த மகன், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். கை பைக்குள் இருந்தது. அவள் பார்த்தது அவ்வளவுதான். மிச்சத்தை மனசே ஜோடித்துக்கொண்டது.

இத்தனை நாளும் அந்தப் பேச்சையே எடுக்காத மகன், இப்போது எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“ஏம்மா எடுத்தே? என்ன கஷ்டம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

பொய் சொன்னால் அவன் மூச்சுவிடாமல் பேசுவான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்த லட்சணம்தான். இப்போதோ பேச்சு நின்று, கண் கலங்கிப்போயிருந்தது.

ஐயோ... இவன் எடுக்கவே இல்லை!

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளோ அவன் முகத்தைப் பார்க்காமல், நாத்தனார் தள்ளிவிட்ட தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.

நீதிமன்ற வராந்தாவில் விஷயத்தைக் கேட்டதும் வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“இப்பவா சொல்றீங்க! சரி, வாபஸ் வாங்கலாம். ஆனா ஏன் பொய் சொன்னீங்கன்னு ஜட்ஜ் கேப்பாரு.”

“காரணம் சொல்லாம வாங்க முடியாதாம்மா?”

“கடையில வாங்கின துணியையே காரணம் இல்லாம திருப்பி எடுக்க மாட்டாங்க!”

நீதிபதி கேட்டார். “குத்தத்தை ஒத்துக்கிட்டதை வாபஸ் வாங்குறீங்க. அப்போ யாரைக் காப்பாத்த அப்படிச் சொன்னீங்க?”

பின்வரிசையில் மகன் உட்கார்ந்திருந்தான். உன்னைத் திருடன் என்று நம்பினேன் என்பதை அவன் காதுபடச் சொல்வதா? அதற்கு ஜெயிலே தேவலை.

“ஒண்ணுமில்லீங்கய்யா... வாபஸ் வேணாம். நானே எடுத்ததா இருக்கட்டும்.”

“மாத்தி மாத்திப் பேசினா என்னம்மா அர்த்தம்?”

நாக்கை அடக்கிவிட்டாள். கண்ணை அடக்க முடியவில்லை. அது பின்வரிசைக்குப் போய்விட்டது. மகன் மெல்ல எழுந்தான்.

“அவங்க சொல்ல மாட்டாங்கய்யா... நான் எடுத்தேன்னு நினைச்சிருக்காங்க. மறுநாள் இன்டர்வியூ. கோட்டுல எப்படி இருக்கேன்னு போட்டுப் பார்த்தேன். பையில கை விட்டேன்... ஒண்ணும் எடுக்கலை.”

வாபஸை நீதிபதி ஏற்றுக்கொண்டார். வழக்கு முதலிலிருந்து விசாரிக்கப்படும்; மகனும் விசாரிக்கப்படுவான். ஓரமாக நின்ற போலீஸ்காரர் அவனை அப்போதே கண்ணால் அளவெடுக்கத் தொடங்கிவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் மகனின் கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை. உதறியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“மன்னிச்சிடுடா...”

“நீ திருடியிருந்தா மன்னிச்சிருப்பேம்மா. மன்னிச்சும்தானே இருந்தேன்! அத்தைக்கு, தெருவுக்கு, எல்லாருக்கும் பதில் சொன்னேன்... எங்கம்மா எடுத்தாலும் எனக்காகத்தான் எடுத்திருப்பான்னு.” அவன் குரல் உடைந்தது. “இதுக்கு என்ன பண்றதுன்னு தெரியலையேம்மா...”

“உன்னைத் திருடன்னு நெனச்சுக்கிட்டேதானேடா சோறு போட்டேன்! ஒரு நாளாவது முகம் சுளிச்சேனா?”

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அபத்தமான நியாயம் என்று அவளுக்கே உறைத்தது. அவன் சிரிக்கப் போனான். பாதியில் அது அழுகையாகிவிட்டது. அழுதது அவள் தோளில்தான். ஆனால் அவன் கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டே இருந்தன.

இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவளே இறுகக் கட்டிக்கொண்டாள்.