வேலி நகர்ந்த இடம்

நேற்று மாலை தன் கையாலேயே பிடுங்கி மரத்தடிக்கு நெருக்கி நட்ட ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் வேலி, காலையில் பழைய இடத்திலேயே நின்றதைப் பார்த்ததும் வெண்டலுக்கு எரிச்சல்தான் வந்தது. கம்பிகள் இறங்கிய இடத்தில் மண் கிளறப்படவில்லை. மழை ஈரம் காயாத அந்தச் செம்மண்ணில் ஒரு காலடித் தடமும் இல்லை என்பதை, வேலியை மறுபடி பிடுங்கும்போதுதான் கவனித்தான்.

ஜார்ஜியாவின் அந்தச் சின்ன ஊரில் வீட்டுமனை போடுகிறவன் பழைய ஓக் மரத்தை வெட்டக் கூடாது. கிளை விரிந்த அகலத்துக்குச் சுற்றி வேலி கட்ட வேண்டும், அதற்குள் ஒரு சக்கரமும் போகக் கூடாது. நகராட்சியின் மர அதிகாரி மிஸ் லோரீன் வந்து, பார்த்து, தலையாட்டிவிட்டுப் போவாள். அவள் கார் திரும்பியதும் வேலியை உள்ளே தள்ளிவிடுவது சூப்பர்வைசர் வெண்டல் டாக்கெட்டுக்குப் பழக்கம். அந்தத் தொழிலில் எவன்தான் செய்யவில்லை? கான்கிரீட் லாரி பிறகு எந்த வழியாகத்தான் போகுமாம்?

"மரம் உடனேயா சாகப்போகுது?" என்பான் லாரிக்கார டுவைட்டிடம். "மண்ணு இறுகி, வேரு மூச்சு முட்டி, மேல காயறதுக்கு ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இலை பச்சையாத்தான் இருக்கும். அப்ப எவன் வந்து நம்மளக் கேக்கப்போறான்?"

"பாவி, உனக்கு நல்ல சாவே வராது," என்று டுவைட்டும் சேர்ந்து சிரிப்பான்.

அன்றும் லாரிகள் போயின. அதே மனையில் முதலில் கட்டி முடித்த வீட்டில்தான் வெண்டலும் மனைவி ஓப்பலும் குடியிருந்தார்கள். சாயங்காலம் சோள ரொட்டியைத் தட்டில் வைத்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"லாரி ஏறின மாதிரி அமுக்குது, வெண்டல்."

"வயிறு முட்டத் தின்னா அப்படித்தான்."

"போய்யா, நான் இன்னும் ஒரு வாய்கூட வைக்கல."

டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஆனால் தினமும் காலையில் வேலி வெளியே வந்து நின்றது. தினமும் அவன் அதை உள்ளே தள்ளினான். தினமும் ஓப்பலின் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. பொறுக்க முடியாமல் மிஸ் லோரீனுக்கு போன் போட்டான்.

"ஏன் மேடம், யாருக்கும் தெரியாம வந்து வேலியை நகத்துறீங்களா?"

"நானா? எனக்கு வேற வேலை இல்லையா? நான் பாத்துட்டுப் போன இடத்துலதான வேலி இருக்கணும், மிஸ்டர் டாக்கெட்? அத யாரு நகத்தினா?"

சட்டென்று போனை வைத்துவிட்டான்.

நவம்பர் மாத மழை. மதியத்திலேயே வெளிச்சம் மங்கி, வீடு முழுக்க ஈரமண் வாடையும், நசுங்கிய பச்சை வேரின் கசப்பு வாடையும் பரவி, சுவருக்குள் எங்கோ ஏதோ நெரிபடும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. படுக்கையறையில் ஓப்பல் மூச்சுக்கு அல்லாடினாள். அவள் இல்லாமல் தனக்கு இந்த உலகத்தில் யாரும் இல்லை என்பது அன்றுதான் வெண்டலுக்கு முழுசாக உறைத்தது. போதும். வேலியை ஒழுங்காக நட்டுவிடுவோம் என்று மழையில் இறங்கி ஓடினான்.

வேலி இல்லை. மரத்தடியிலும் இல்லை, பழைய இடத்திலும் இல்லை. கம்பி நட்ட குழிகள் மட்டும், தண்ணீர் நிரம்பி.

லாரி பின்னால் வரும்போது போடும் பீப் சத்தம் கேட்டது. பதறிப்போய் டுவைட்டை போனில் பிடித்தான்.

"டேய், லாரிய நிறுத்து! மரத்துகிட்ட வராத!"

"உளறாத. மழைன்னு மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டேன். லாரி என் வாசல்ல நிக்குது."

பீப். பீப்.

சத்தம் அவன் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

ஓடினான். படி. கூடம். படுக்கையறைக் கதவு.

மரத்தரையைத் துளைத்து இறங்கியிருந்தன கம்பிகள். ஆரஞ்சு வேலி ஓப்பலின் தலையணையைச் சுற்றி, அவள் தலைக்கு மட்டும் இடம் விட்டு, இறுக்கமாக நின்றது. அவன் மரத்துக்கு விட்ட அளவு. கழுத்துக்குக் கீழே அவள் முழுவதும் வேலிக்கு வெளியே. வெள்ளைப் போர்வையின் குறுக்கே, நெஞ்சின் மேல், செம்மண் டயர் தடம். ஈரம் காயாமல்.

கம்பியைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. உள்ளங்கை கிழிந்தது. அசையவில்லை.

"ஓப்பல்!"

அவள் கண் திறந்து பார்த்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை; கன்னம் சிவந்து, நேற்றைவிட நன்றாகவே இருந்தாள்.

இரண்டு வருஷம். அவன் வாயாலேயே சொன்ன கணக்கு.

பீப்.

அவன் கண்ணெதிரே, யாருமில்லாத அந்த அறையில், போர்வை இன்னொரு முறை மெல்ல அமுங்கியது.