என் காலில் ஏறி நில், ஜனின்!

என் முகத்தைப் பார்க்க எனக்குக் கண்ணாடி தேவையில்லை. ஜனினைப் பார்த்தால் போதும். அதே மூக்கு, அதே பூனைக் கண், இடது கன்னத்தில் அதே குழி. சிரிப்பு வந்தால் இரண்டு பேருக்கும் முதலில் மூக்கால் 'க்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். நான் நட்டாஷா. அவளைவிடச் சில நிமிடங்கள் மூத்தவள். அதை அவளுக்கு அடிக்கடி நினைவுபடுத்துவேன்.

ஆனால் நாங்கள் ஒரே வீட்டில் வளரவில்லை. நாங்கள் பிறந்ததும் மம்மாவுக்குக் கடும் காய்ச்சல். வாழைச்சேனையில் இருக்கும் மம்மாவின் அக்கா வந்தார். "சின்னவள நான் கொஞ்ச நாளைக்குப் பாக்கிறன்" என்று ஜனினைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் கொஞ்ச நாள் பதினொரு வருடமாக நீண்டுவிட்டது. வாழைச்சேனை அன்ரிக்கும் அங்கிளுக்கும் பிள்ளைகள் இல்லை. அவளைத் திருப்பிக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

நத்தார்ப் பெருநாளுக்கு ஜனின் வருவாள். கேக் தின்போம், சண்டை பிடிப்போம். டடா ஆட்டத்துக்கு வயலின் எடுக்கும் நேரத்தில் அன்ரியும் அங்கிளும் அவளைக் கூட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள்.

இந்த வருடம்தான் ஆறாம் தரத்துக்கு மட்டக்களப்பில் என் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தாள். என் கட்டிலில் பாதி இப்போது அவளுக்கு. இரவில் உதைப்பாள். உதைக்கட்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது பார்த்து டடாவின் தம்பி க்ளைவ் அங்கிளின் கலியாணம் வந்தது.

நாங்கள் பறங்கியர், போர்த்துக்கேயர் வழி வந்தவர்கள். எங்கள் கலியாணத்தில் சாப்பாடு குறைந்தால் மன்னித்துவிடுவார்கள். ஆட்டம் குறைந்தால் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள். வயலினும் றபான் மேளமும் முழங்க, சோடி சோடியாக கஃபிரிஞ்ஞா ஆடுவோம். என் டடா எல்மோ பகலில் தச்சு வேலை செய்வார், பொழுது பட்டால் வயலின் எடுப்பார். பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நான்கு சோடி வேண்டும். முதல் சோடியில் நான். நான் நன்றாக ஆடுவேன். உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்?

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, எங்களோடு ஆட இருந்த ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்பளிப்பான் போட்டுவிட்டது. டடாவின் அக்கா ஐறிஸ் அன்ரிதான் ஆட்டத்துக்குப் பொறுப்பு. அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"அதுக்கென்ன? ஜனின் இரிக்காள்தானே! நட்டாஷாட அதே முகம், அதே ரத்தம். நடுவுல நிப்பாட்டி விடுங்க, தானா ஆடுவாள்."

நிறுத்திவிட்டோம். தானாக ஆடவில்லை. எல்லோரும் வலப்பக்கம் போனால் ஜனின் இடப்பக்கம் போனாள். அவளுடைய சோடி என் மச்சான் அஷ்லி. பாவம், ஒற்றைக் காலில் துள்ளினான்.

"அன்ரி! இவள் ஆடல்ல, என்ட காலை இடிக்கிறாள்!"

ஐறிஸ் அன்ரி கையைத் தட்டி வயலினை நிறுத்தினார். "என்ன கா இது? பறங்கிப் பிள்ளைக்கு ஆட்டம் ரத்தத்துல வரும். இவளுக்கு வாழைச்சேனைக் காத்துப் பட்டு ரத்தமே மாறிட்டுப் போல!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். ஜனின் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் உடுப்புகளை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

"எங்க போறாய்?"

"வாழைச்சேனைக்கு. அங்க என்னை ஒருத்தரும் பாத்துச் சிரிக்கமாட்டாங்க."

"கலியாணம் முடியத் திரும்பி வருவாய்தானே?"

"வரமாட்டன். அங்கயே படிப்பன்."

 பதினொரு வருடம் காத்திருந்து கிடைத்த தங்கச்சி! ஐறிஸ் அன்ரியில் வந்த கோபத்தில் தலையணைக்கு இரண்டு குத்து விட்டேன்.

"கலியாணம் வரைக்கும் பொறு, ஜனின். அதுக்குப் பிறகும் போகோணும் எண்டால் நானே பஸ் ஏத்தி விடுறன்."

"அதுக்குள்ள என்ட ரத்தத்தை மாத்தப் போறியா?" என்று கேட்டாள். ஆனாலும் பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

அடுத்த நாள் விஞ்ஞான பாடம். பெற்றாரிடமிருந்து பிள்ளைகளுக்கு எவையெல்லாம் வருகின்றன என்று கம்சாயினி ரீச்சர் படிப்பித்தார். எங்கள் இருவரையும் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

"உங்களப் போல ஆக்களைத்தான் விஞ்ஞானிகள் உலகம் முழுக்கத் தேடித் திரியிறாங்க, தெரியுமா?"

"ஏன் ரீச்சர், நாங்க என்ன செஞ்ச?" என்றேன்.

வகுப்பே சிரித்தது. எங்கள் மூக்குகள் இரண்டும் ஒரே நேரத்தில் 'க்ர்ர்' என்றன.

"பாத்தீங்களா? அதுக்குத்தான்!" என்றார் ரீச்சர். "உருவம் அச்சடிச்ச மாதிரி இருக்கிற இரட்டையர் ஒரே கருவில இருந்து பிரிஞ்சவங்க. அவங்கட மரபணு கிட்டத்தட்ட ஒண்டுதான். அப்படி ரெண்டு பேர் வேற வேற வீட்டில வளந்தா, அவங்களை ஒப்பிட்டுப் பாப்பாங்க. எது ஒரே மாதிரி இரிக்கோ, அதுக்குப் பிறப்புக் காரணமா இருக்கலாம். எது வித்தியாசமோ, அது வளந்த இடத்தால வந்திருக்கலாம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அப்ப எங்க ரெண்டு பேரையும் பாத்தாக் காணுமா, ரீச்சர்?"

"காணாது. ரெண்டு பேரை வச்சு முடிவு சொல்லேலாது. நிறையச் சோடிகளைப் பாக்கோணும். ஆனா ஒரு நல்ல கேள்வி கேக்க ரெண்டு பேர் போதும்."

என்னிடம் கேள்வி இருந்தது. ஆட்டம் பிறப்பால் வருவது என்றால், ஜனினுக்கு ஏன் வரவில்லை?

பள்ளி விட்டு, தினமும் எங்களை ஏற்றிப்போகும் முனாப் நானாவின் ஓட்டோவில் வீட்டுக்கு வந்தோம். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் நானும் ஜனினும் ஒன்றாகத் தலையைத் திருப்பினோம்.

"சத்தம் மாறிட்டு" என்றேன் நான்.

"ப்ளக்கில கரி பிடிச்சிட்டு" என்றாள் ஜனின்.

முனாப் நானா சிரித்தார். "எனக்கு ஒண்டும் கேக்கல்லியே, புள்ளயள். வண்டி சோக்காத்தானே போகுது!"

பாலம் முடியும் இடத்தில் ஓட்டோ இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அவர் இறங்கி ப்ளக்கைக் கழற்றினார். அது கன்னங்கரேலென்று இருந்தது.

"யா அல்லாஹ்! இதெல்லாம் ஆரு புள்ள உனக்குப் படிப்பிச்ச?"

"ஆரும் படிப்பிக்கல்ல, நானா. அங்கிள் வள்ளத்து எஞ்சின் திருத்துவாரு. நான் பக்கத்துல இரிப்பன். அவ்வளவுதான்."

ஆரும் படிப்பிக்கல்ல! இதே பேச்சைத்தான் என் ஆட்டத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மூளைக்குள் ஏதோ சுறுசுறுவென்றது.

வீட்டுக்குள் கால் வைத்தோம். டடா வயலினுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒன்றாகக் காதைப் பொத்தினோம்.

"ஒரு கம்பி இறங்கிட்டு, டடா!" என்றேன்.

"ஓம், அந்தக் கடைசிக் கம்பி" என்றாள் ஜனின்.

டடா மறுபடி மீட்டிப் பார்த்தார். கண்ணை அகல விரித்தார். "ஓம் கா! எனக்கே இப்பதான் விளங்குது!"

நான் குசினிக்குள் ஓடினேன். "மம்மா, எனக்கு ஆட்டம் ஆரு படிப்பிச்ச?"

மம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "ஆரும் இல்ல. உனக்கு அது தானா வந்த."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் முதல்ல எப்படி ஆடினன்?"

"எப்படியா? உனக்கு நடக்கவே சரியாத் தெரியாது. டடாட பாதத்துல ஏறி நிப்பாய். அவர் பாடிப் பாடிக் காலை எடுத்து வைப்பார். ஒவ்வொரு நாளும் அப்படி ஆடினாத்தான் உனக்கு நித்திரை வரும். என்ன பாடு படுத்தின!"

"மம்மா, அதுதான் படிப்பு!" என்று கத்தினேன். மம்மாவின் கையிலிருந்த மீன் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது.

அறைக்குள் ஜனின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளைப் பிடித்து எழுப்பினேன்.

"இஞ்ச பார், ஜனின். உனக்கும் எனக்கும் ஒரே காது. மத்த ஆக்களுக்குக் கேக்காதது எங்களுக்குக் கேக்குது. இது பிறப்பில வந்ததா இரிக்கலாம். ஆனா என்ட காது வயலினுக்குப் பக்கத்துல வளந்த. உன்ட காது எஞ்சினுக்குப் பக்கத்துல வளந்த. உன்ட ரத்தத்துல ஒரு குறையும் இல்ல!"

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப நான் ஏன் அஷ்லிட காலை இடிச்சன்?"

"உன்னை ஒருத்தரும் காலில ஏத்தி ஆட்டல்ல. தானா வரும் எண்டு சொல்லிச் சொல்லி, உனக்குப் படிப்பிக்கவே மறந்துட்டாங்க. வா, என்ட காலில ஏறி நில்."

"உனக்கு நோகும், நட்டாஷா."

"நோகட்டும். ஏறு!"

ஏறினாள். ஐயோ, என் காலே! உயிர் போய் வந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளை தகப்பனின் காலில் ஏறுவது வேறு, பதினொரு வயதுத் தங்கச்சி ஏறுவது வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு பாடினேன். ஓர் அடி, இரண்டு அடி, சுற்று. இருவரும் கட்டிலில் விழுந்தோம். மறுபடி எழும்பினோம்.

அடுத்த நாளும் ஆடினோம். அதற்கடுத்த நாளும் ஆடினோம். என் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. திடீரென்று ஒரு நாள் ஜனின் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினாள்.

"பொறு, பொறு. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்! வள்ளம் கரைக்கு மெதுவா வரக்குள்ள எஞ்சின் இப்படித்தான் போகும். டுக்கு டுக்கு டும், டுக்கு டுக்கு டும்..."

என் காலிலிருந்து இறங்கித் தனியாக ஆடத் தொடங்கினாள். ஓர் அடிகூடப் பிசகவில்லை. வாசலில் நின்ற டடா வயலினை எடுத்துத் தோளில் வைத்தார்.

ஆனால் கட்டிலுக்குக் கீழே பை அப்படியேதான் இருந்தது. உடுப்புகளை அவள் வெளியே எடுக்கவில்லை. இரவில் நான் குனிந்து குனிந்து பார்த்துக்கொள்வேன்.

கலியாண நாள் வந்தது. மண்டபம் நிறையச் சனம். வாழைச்சேனை அன்ரியும் அங்கிளும் முன்வரிசையில் இருந்தார்கள். டடா வயலினை இழுத்தார், றபான் முழங்கியது.

நான் ஆடிக்கொண்டே ஜனினைத்தான் பார்த்தேன். பாவாடை சுழல, தலை நிமிர்ந்து, சிரித்துக்கொண்டு ஆடினாள். நடுவில் அஷ்லி பயத்தில் இடப்பக்கம் திரும்பிவிட்டான். ஜனின் அவன் கையைப் பிடித்து ஓர் இழுவை இழுத்தாள். அவன் சரியான இடத்தில் வந்து நின்றான். சனம் கை தட்டிய தட்டில் வயலினே கேட்கவில்லை.

"அது என்ட தங்கச்சி!" என்று கத்தினேன். ஆடும்போது கத்தக் கூடாதுதான். ஆனால் பெருமை நெஞ்சுக்குள் அடங்கினால்தானே?

ஆட்டம் முடிந்ததும் வாழைச்சேனை அன்ரி ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்தார். "வாழைச்சேனைக்கு வரப்போறன் எண்டு போன்ல சொன்னியே, மகள். இண்டைக்கே வாறியா?"

நான் ஜனினின் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன்.

"சனிக்கிழமையில வாறன், அன்ரி. இவளையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்றாள் ஜனின். "இவளுக்கு எஞ்சின் படிப்பிக்கோணும். நல்ல காது இரிக்கு, ஆனா ப்ளக் எண்டா என்னெண்டே தெரியாது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துருவம்."

வீட்டுக்கு! அவள் அப்படித்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

அப்போது ஐறிஸ் அன்ரி எங்கள் இருவருக்கும் நடுவில் நுழைந்து, ஜனினின் தோளில் கையைப் போட்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"பாத்தீங்களா? நான் அண்டைக்கே சொன்னன்தானே! ஆட்டம் எங்கட ரத்தத்துல இரிக்கு!"

நான் என் கறுத்த நகத்தைப் பார்த்தேன். ஜனினும் அதைப் பார்த்தாள். இரண்டு மூக்குகளும் ஒன்றாகச் சத்தம் போட்டன: 'க்ர்ர்!'

அந்தச் சிரிப்பை மட்டும் எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.